தீ முதலா, விழுந்தது முதலா?

விமானம் விழுந்து எரிஞ்சு கிடந்தா, விசாரணைக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி: தீப்பிடித்து விழுந்ததா, விழுந்து தீப்பிடித்ததா? தனி ஆட்கள் வீட்டுக் கொட்டகையில் கட்டுகிற சின்ன விமானம் என்றால் இன்னும் சிரமம். கருப்புப் பெட்டி பெரும்பாலும் இருக்காது. மிஞ்சுவது கரியும் உருகின அலுமினியமும்தான்.

ஆனா அந்தக் கரியைப் படிக்கலாம். எங்க திண்டுக்கல் பூட்டுப் பட்டறைக்காரங்களைக் கேட்டா, துருத்தி ஊதினதும் நெருப்பு எப்படிச் சீறும்னு சொல்வாங்க. பறக்கும்போது பிடிக்கிற தீக்கு எதிர்க்காற்றுதான் துருத்தி. புகைக்கரி மூக்கிலிருந்து வால் பக்கமாக இழுபட்டிருக்கும். உருகின அலுமினியம் பின்பகுதிகளில் தெறித்து ஒட்டியிருக்கும். தரையில் எரிந்தால் கரி மேல்நோக்கிப் போகும், உலோகம் கீழே குட்டையாகத் தேங்கும்.

எனக்குப் பிடித்த சோதனை வேறு. நசுங்கின தகட்டின் மடிப்பைப் பிரித்துப் பார்ப்பார்கள். மடிப்புக்குள்ளே கரி இருந்தால் நசுங்கும் முன்பே தீ இருந்திருக்கலாம். உள்ளே பளிச்சென்று, வெளியே மட்டும் கருப்பு என்றால் தீ பிறகுதான் வந்திருக்கும். புகை இடுக்கிலும் நுழையும் என்பதால் இதை மட்டும் நம்பி முடிவுக்கு வரமாட்டார்கள். பிரேதப் பரிசோதனையில் மூச்சுக்குழாயில் கரி, ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

சாரஸ் விபத்தை நினைச்சுப் பாருங்க. 2009 மார்ச் 6, பெங்களூரு அருகே பிடதி. தேசிய விண்வெளி ஆய்வகத்தின் இரண்டாவது மாதிரி விமானம். மூன்று விமானப்படை அதிகாரிகள் இறந்தார்கள். சிதைவு எரிந்து கிடந்தது. ஆனால் விசாரணை காட்டிய காரணம் தீ இல்லை. வானில் ஒரு இன்ஜினை நிறுத்தி மறுபடி கிளப்பும் சோதனை அது. அதற்கு வகுத்த முறையே தப்பு, உயரமும் போதவில்லை. தீயின் பின்னாலேயே போயிருந்தால் அந்தத் தப்பான முறை அடுத்த விமானத்துக்கும் போயிருக்கும்.

சொந்தமாகக் கட்டினதில் தேடும் இடங்கள் வேறு: எரிபொருள் குழாயின் நட்டு, புகைபோக்கிக் குழாயின் கிளாம்ப், இன்ஜினுக்கும் ஆளுக்கும் நடுவில் நிற்கிற மெல்லிய தீத்தடுப்புத் தகடு. அந்தத் தகட்டில் வயர் போக ஒரு ஓட்டை போட்டு வெறும் ரப்பர் வளையம் மாட்டியிருந்தால், ரப்பர் எரிந்ததும் அந்த ஓட்டை வழியாகவே தீ உள்ளே வரும். நட்டை முறுக்கினவரே பல நேரம் ஓட்டினவரும். கேட்க ஆள் இல்லை. அமெரிக்காவில் பாதிக்கு மேல் தானே கட்டினதாக நிரூபிக்க, கட்டுபவர்கள் படிப்படியாகப் போட்டோ எடுத்து வைப்பார்கள். கடைசியில் விசாரணைக்காரர்கள் உட்கார்ந்து புரட்டுவது அந்த ஆல்பத்தைத்தான்.