தீட்டுங் கற்களும் கருவிகளின் கூர்மையும்

பெரும்போக நெல் முற்றிய வயலில் மழுங்கிய தாக்கத்தியைக் கொண்டு அரிவோரைச் சற்று நின்று பாருங்கள். அவர்கள் தாளை அறுப்பதில்லை, பற்றி இழுக்கின்றனர். இழுக்குந்தோறும் கதிர் அதிர்ந்து, முற்றிய மணிகள் சேற்றில் உதிர்கின்றன. வலிந்து இழுக்கையில் கருவி வழுக்கி இடக்கை விரலை வெட்டுவதும் உண்டு. இக்காலத்தில் அறுவடையின் பெரும்பகுதியை இயந்திரங்களே செய்கின்றன என்பது மெய்தான். ஆயினும் வாவியோரத்துத் தாழ்ந்த வயல்களில் நீர் வடியாது நிற்கும்போதும், பயிர் சாய்ந்து கிடக்கும்போதும், விதைநெல்லைத் தனியே அரிந்தெடுக்கும்போதும் தாக்கத்தியே துணை. காய்கறித் தோட்டக்காரருக்கோ நாள்தோறும் கத்தி வேண்டும்.

நெற்பயிர் இரும்பை விரைவில் மழுங்கச் செய்யும் இயல்புடையது. உலர்ந்த வைக்கோலின் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சிலிக்கா என்னும் பொருளாகும். மணலில் உள்ளதும் அதுவே. எனவே, புல்லை அறுக்கின்றோம் என்று நாம் எண்ணினாலும், கருவியின் வாய் நுண்ணிய மணலில் உராய்ந்துகொண்டேயிருக்கின்றது. நெல்லரியும் நாளில் பலமுறை தீட்டவேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

எந்தக் கல்லில் தீட்டுவது? வழியில் கிடந்த கருங்கல்லையோ வீட்டுச் சீமெந்துப் படியையோ நாடுவது நம்மவர் வழக்கம். நான் பண்ணைப் பாடசாலையில் மாணவனாயிருந்தபோது படியின் விளிம்பில் கத்தியைத் தேய்த்து, கரகரவென்று எழும் ஓசையே கூர்மைக்கு அடையாளம் என நம்பியிருந்தேன். மறுநாள் அக்கத்தி கத்தரிக்காய்க் காம்பை நசுக்கிற்றேயன்றி அறுக்கவில்லை. வாயை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது, அது எலி கறண்டியது போல் சிதைந்திருந்தது.

படுவான்கரையிலும் குடும்பிமலைப் புறத்திலும் காணப்படும் பாறைகள் பெரும்பாலும் நைஸ் என்னும் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் இரும்பைத் தேய்க்கவல்ல கடினமான வெண்கற் பரல்களும், நகத்தால் உரியக்கூடிய மென்மையான அப்பிரகமும் கலந்து கிடக்கின்றன; பரல்களும் பருமனானவை. ஆதலால் அக்கல் கத்தியைத் தேய்க்கும், ஆனால் தீட்டாது. கடற்கரையில் கிடைக்கும் முருகைக்கல்லும் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லும் உருக்கினும் மென்மையானவை. அவற்றில் தேய்த்தால் கல்தான் கரையும். நல்ல தீட்டுங்கல் ஒரே அளவான நுண்ணிய, கடினமான பரல்கள் நெருங்கிப் பிணைந்தது. பெல்ஜியத்தில் நுண்ணிய செம்மணிப் பரல்கள் நிறைந்த கல்லும், அமெரிக்காவின் ஆர்க்கன்சாவில் முழுதும் வெண்கற் பரல்களாலான கல்லும் இவ்வகையில் பேர்பெற்றவை. கையிலுள்ள கல்லைச் சோதிப்பது எளிது. நனைத்து, பழைய கத்தியொன்றை அதன்மேல் இருபது தரம் தேய்த்துப் பாருங்கள். நீர் கருஞ்சாம்பல் நிறமடைந்தால் கல் இரும்பைத் தின்கின்றது என்று பொருள். வாயில் ஆழமான கீறல்கள் தெரிந்தால் அக்கல்லை ஒதுக்கிவிடுக.

தகுந்த கல் இல்லாத ஊரிலும் தீட்டுவதற்கு வழி உண்டு. கள்ளுச் சீவுவோர் பாளைக்கத்தியைத் தீட்டும் முறையைக் கவனியுங்கள். மரப்பலகையின் மேல் வெள்ளைக்கற் பொடியைத் தூவி அதில் தீட்டுவது அத்தொழிலின் பழைய வழக்கம். தடித்த பாளையையும் மெல்லிய சீவலாக அரியும் கூர்மை அதனால் வருகின்றது. நம் பாறைகளில் இடையிடையே ஓடும் வெண்ணிறக் கல்லும், ஆற்றுப் படுகைகளில் கிடக்கும் வெண்பரல்களும் இதற்கு உதவும். கல்லை ஈரச்சாக்கில் சுற்றி இடித்துத் தூளாக்குக. உலர்வாக இடித்தலாகாது, அத்தூசு நெஞ்சினுட் சென்றால் சுவாசப்பையைக் கெடுக்கும், அக்கேட்டுக்கு மருந்தில்லை. தூளை ஒரு வாளி நீரில் கலக்கி, பத்து எண்ணும் அளவு பொறுத்து, கலங்கல் நீரை வேறு பாத்திரத்தில் வடித்துக்கொள்க. அடியில் தங்கிய பருந்தூளை மீண்டும் இடிக்கலாம். கலங்கல் நீர் தெளிந்தபின் அடியில் படியும் நுண்பொடியே நமக்கு வேண்டியது. அதனை ஈரமாகவே மூடி வைத்து, ஒன்றரை அடி நீளமான மென்மரப் பலகையில் பூசிப் பயன்படுத்துக.

எனினும் வாய் உடைந்த கத்தியைப் பலகையால் திருத்த முடியாது. அதற்குக் கடையில் விற்கும் கருஞ்சாணைக்கல்லே ஏற்றது. பணமிருப்போர் ஒன்று வாங்குக, பலகையை முடிவான தீட்டலுக்கு வைத்துக்கொள்க. மின்சாரச் சாணைச் சக்கரத்தில் கொடுப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வாய் நீலம் பாரித்தால் உருக்கின் பதம் போயிற்று. பின்னர் எக்கல்லாலும் அதற்குக் கூர் நிலையாது.

தீட்டும்போது கல்லை நனைத்து, ஆடாதபடி வைத்துக்கொள்க. இரண்டு அங்குல அகலமான காய்கறிக் கத்தியின் முதுகு கல்லிலிருந்து அரை அங்குலம் உயர்ந்திருக்கட்டும். காட்டுக்கத்திக்கு முக்கால் அங்குலத்துக்குக் குறையலாகாது. மெல்லிய வாய் விறகில் பட்டவுடன் மடியும். ஒருபுறம் தேய்த்துவர மறுபுறத்தில் நுண்ணிய பிசிர் எழும், நகத்தால் உணரலாம். அது வாய் முழுவதும் எழுந்தபின்பே மறுபுறம் திருப்புக. பின்னர் அழுத்தாமல், இருபுறமும் மாறிமாறிச் சில தரம் தீட்டிப் பிசிரைப் போக்குக. பல்லுள்ள தாக்கத்தியாயின் வரி வெட்டப்படாத பக்கத்தை மட்டுமே தேய்த்தல் வேண்டும். வரியுள்ள பக்கத்தைத் தேய்த்தால் பல் அழியும். மண்வெட்டிக்குக் கல் வேண்டாம், அரமே போதும்.

கல்லின் நடுப்பகுதி குழிந்தால் கத்தியின் வாயும் வளையும். தட்டையான தளத்தில் ஈரமணல் பரப்பி, கல்லைக் கவிழ்த்துத் தேய்த்துச் சமப்படுத்துக. வாவியின் உவர்நீர் பட்ட கருவியை நன்னீரிற் கழுவித் துடைத்து, வாயில் சிறிது தேங்காயெண்ணெய் தடவி வைத்தல் வேண்டும். துரு முதலில் தின்பது மெல்லிய வாயைத்தான்.