ரவுட்டரின் வாயிற்காவல்

2016-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27-ஆம் தேதி ஜெர்மனி தேசத்தில் டாய்ச்ச டெலிகாம் கம்பெனியின் சந்தாதாரர்களில் ஏறக்குறைய ஒன்பது லட்சம் பேருக்கு இணையத் தொடர்பு தடைபட்டது. கம்பி அறுபடவில்லை, மின்சாரமும் நிற்கவில்லை. வீடுகளிலிருந்த ரவுட்டர் என்னும் சிறு பெட்டிகளே முடங்கியிருந்தன. அப்பெட்டிகளைத் தூரத்திலிருந்து பராமரிப்பதற்கென 7547 என்ற எண்ணுள்ள வாயில் ஒன்று இருந்தது. கம்பெனியின் பராமரிப்பு நிலையத்திற்கு மட்டும் திறந்திருக்க வேண்டிய அவ்வாயில் உலகம் முழுவதற்கும் திறந்து கிடந்தது. தீய நிரல் ஒன்று ஓயாமல் அதனைத் தட்டியபோது பெட்டிகள் தாங்க மாட்டாமல் செயலிழந்தன.

நமது நாட்டிலும் பள்ளிகள், ஆராய்ச்சி நிலையங்கள், வட்டாரக் காரியாலயங்கள் முதலிய இடங்களில் இத்தகைய பெட்டிகள் சுவரில் பொருத்தப்பட்டிருப்பதைக் காண்கிறோம். பொருத்தியவர் போன பிறகு, விளக்கு எரிகிறதா என்பதைத் தவிர வேறெதையும் யாரும் பார்ப்பதில்லை.

உள் வலைக்கும் வெளி வலைக்கும் இடையே நின்று, தகவற் பொட்டலங்களை உரிய திசையில் அனுப்புவது ரவுட்டரின் தொழில். அதற்குப் பாதுகாப்புத் தேடும்போது இரண்டு கேள்விகளை வேறு வேறாக வைத்துக்கொள்ள வேண்டும். ரவுட்டருக்குள் புகுந்து அதன் அமைப்பை மாற்றும் உரிமை யாருக்கு? ரவுட்டரைக் கடந்து செல்லும் உரிமை எந்தப் பொட்டலங்களுக்கு? முதற் கேள்விக்கு விடை காணாமல் இரண்டாவதில் எவ்வளவு பாடுபட்டாலும் பயனில்லை. காவற்காரனையே வசப்படுத்திக்கொண்டவனுக்குக் கதவு ஒரு பொருட்டன்று.

இதனை மிராய் என்னும் நிரல் அதே ஆண்டில் மெய்ப்பித்தது. அதன் உபாயம் நாம் வெட்கப்படத்தக்க அளவுக்கு எளியது. டெல்நெட் என்ற பழைய முறைக்குரிய 23, 2323 ஆகிய வாயில்களைத் தட்டி, கருவிகளில் தொழிற்சாலையிலேயே வைக்கப்படும் பெயர்களையும் கடவுச்சொற்களையும் அறுபது ஜோடிக்குச் சற்று அதிகமாகச் சொல்லிப் பார்க்கும், அவ்வளவே. இவ்வாறு பிடிபட்ட காமிராக்களும் ரவுட்டர்களும் பெருந்திரளாகச் சேர்ந்து அக்டோபர் 21-ஆம் தேதி டின் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியபோது பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் எட்டாமற் போயின. மிராய் கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்குவது. ஆகவே மின்சாரத்தை நிறுத்திச் செலுத்தினால் அழிந்துவிடும். கடவுச்சொல் மாறாதிருந்தால் சிறிது நேரத்தில் மறுபடியும் தொற்றிக்கொள்ளும். "அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது" என்று சொல்லப்படும் ரவுட்டரை இக்காரணம் பற்றிச் சற்றுச் சந்தேகத்துடன் பார்ப்பது நல்லது.

ஆதலின் கடவுச்சொல்லை மாற்றுவதே முதல் வேலை. டெல்நெட் முறை கடவுச்சொல்லைக்கூட மறைக்காமல் அனுப்புவதால் அதை நிறுத்திவிட்டு எஸ்.எஸ்.எச். முறையைக் கையாள வேண்டும். நிர்வாகப் பக்கத்தை வெளி வலைக்கு அறவே அடைத்து, உள்ளேயும் ஓரிரு கணிப்பொறிகளின் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி தர வேண்டும். ஜெர்மனியில் குறைவாயிருந்தது இத்தகைய ஒரு வரி விதிதான்.

இனிப் பொட்டலங்களை வடிகட்டும் விஷயம். ஒவ்வொரு பொட்டலத்தின் முகப்பிலும் அனுப்புவோர் முகவரி, பெறுவோர் முகவரி, நெறிமுறையின் எண் ஆகியவை இருக்கும். டி.சி.பி.க்கு 6, யு.டி.பி.க்கு 17 என்பவை அவ்வெண்கள். அடுத்து வருவன வாயில் எண்கள்; இவை 65,535 வரை செல்லும். சாதாரண வடிகட்டி படிப்பது இவ்வளவே. உறையைப் பார்க்குமேயன்றிக் கடிதத்தைப் பிரிக்காது.

ஒரு கள நிலையத்தில் அலுவலகக் கணிப்பொறிகள் 192.168.10 என்று தொடங்கும் முகவரிகளிலும், விருந்தினர் கருவிகள் 192.168.20 என்று தொடங்கும் முகவரிகளிலும் இருப்பதாகக் கொள்வோம். விருந்தினர் இணையத்திற்குப் போகலாம், அலுவலகத்திற்குள் வரலாகாது. முதல் விதி, 20-லிருந்து 10-க்குச் செல்வதைத் தடுப்பது. இரண்டாம் விதி, 20-லிருந்து எங்கும் செல்ல விடுவது. பெரும்பாலான ரவுட்டர்கள் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்துவதை நிறைவேற்றி அத்துடன் நின்றுவிடும். ஆகவே இவ்விரு விதிகளும் இடம் மாறினால் தடை ஒருபோதும் படிக்கப்படுவதில்லை. பட்டியலைப் பார்ப்பவருக்கோ இரண்டும் இருப்பதாகவே தோன்றும்! ஆசிரியர்கள் சில அட்டைகளில் விதிகளை எழுதி, மாணவர்களைப் பொட்டலங்களாக நடக்கச் செய்து இதனை வகுப்பிலேயே காட்டிவிடலாம். பெயர் சொல்லி அனுமதிக்கப்படாத யாவும் தடுக்கப்படும் என்பது கடைசி விதியாக இருக்க வேண்டும்.

உள்ளிருந்து அனுப்பிய கேள்விக்குப் பதில் வெளியிலிருந்துதானே வர வேண்டும் என்று கேட்கலாம். புறப்பட்ட தொடர்பைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்குரிய பதிலை மட்டும் உள்ளே விடும் ஆற்றல் இக்காலத்து வடிகட்டிகளுக்கு உண்டு.

அடைப்பதிலும் அளவு வேண்டும். 'பிங்' ஆபத்தானது என்று கேள்விப்பட்டு, அது சேர்ந்த ஐ.சி.எம்.பி. நெறிமுறை முழுவதையும் அடைத்துவிடுவோர் உளர். பொட்டலம் பெரிதாயிருக்கிறது, சிறிதாக்கி அனுப்புக என்று வழியிலுள்ள ரவுட்டர் தரும் செய்தியும் அந்நெறிமுறையில்தான் வருகிறது. அது நின்றால் சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கும். காரணம் எளிதில் புலப்படாது. இதைவிடப் பெரிய கவனக்குறைவு ஐ.பி. ஆறாம் பதிப்பைப் பற்றியது. நான்காம் பதிப்பில் உள் முகவரிகள் வெளியே தெரியாமல் மறைந்திருந்தன. நம் நாட்டில் பரவலாகிவிட்ட ஆறாம் பதிப்பிலோ ஒவ்வொரு கருவிக்கும் வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி கிடைப்பதுண்டு. அதற்கும் தனியே விதிகள் எழுதாவிடில், முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதையாகும்.

தூரத்திலிருந்து விதிகளை மாற்றுவோர் தம்மையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வது உண்டு. பல ரவுட்டர்களில், பத்து நிமிஷங்களில் தானாகவே மறுதொடக்கம் செய்க என்று முன்கூட்டியே கட்டளையிட இயலும். புதிய விதிகளைச் சேமிக்காமல் சோதித்து, எல்லாம் சரியெனில் அக்கட்டளையை ரத்து செய்யலாம். தொடர்பு அறுந்துபோனால் ரவுட்டர் பழைய அமைப்புடன் மீண்டு எழும். நாற்பது மைல் ஜீப் பயணம் மிச்சம்.

தடுக்கப்பட்ட பொட்டலங்களின் பதிவையும் வைத்திருக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவு, சர்க்கார் நிறுவனங்கள் உட்படப் பலவும் இத்தகைய பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டுமென்றும், உத்தரவில் குறிப்பிட்ட சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டுமென்றும் கூறுகிறது. கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம் தரும் நேரத்துடன் இணைக்குமாறும் அது விதிக்கிறது. மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் கடிகாரத்திற்கெனத் தனி மின்கலம் கிடையாது. மின்தடைக்குப் பிறகு, சரியான நேரம் கிடைக்கும் வரை அவை ஏதோ ஒரு பழைய தேதியைப் பதிவு செய்துகொண்டிருக்கும்.