பர்னாக் நின்ற இடம்
படச்சுருள் பாதை – 6

சென்ற வாரம் யேனாவில் நிறுத்தியிருந்தேன். அந்த ஊரின் ஸைஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக் என்ற மெக்கானிக், 1911-ல் மேற்கே வெட்ஸ்லருக்குக் குடிபெயர்ந்தார். மைக்ரோஸ்கோப் செய்துகொண்டிருந்த லைட்ஸ் நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. பழைய கேமராக்கள்மேல் பித்துக்கொண்ட யாருக்கும் அவர் போன வழியே போய்ப் பார்க்கத் தோன்றும். நானும் போனேன்.

லான் நதிக்கரையில் தொடங்கி மேட்டில் ஏறும் ஊர் வெட்ஸ்லர். சந்துகளில் கல் பாவியிருக்கிறது. இருபுறமும் கறுத்த மரச்சட்டங்களுக்கு நடுவே வெள்ளை பூசிய வீடுகள். இங்கிருந்த பேரரசு நீதிமன்றத்தில் பயிற்சிக்காக 1772-ல் வந்த இளம் கதே, சார்லோட் பூஃப் என்ற பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்தார். அவளுக்கு ஏற்கெனவே நிச்சயமாகியிருந்தது. அந்த வலிதான் 1774-ல் வெர்தர் நாவலாக வந்தது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் பகிர்ந்துகொள்ளும் பெரிய தேவாலயம், கட்டி முடிக்கப்படாமலே பல நூற்றாண்டுகளாக நிற்கிறது.

என் கால்கள் ஐசன்மார்க்ட் சதுக்கத்தைத்தான் தேடின. 1914-ல் பர்னாக் தன் சோதனைக் கேமராவோடு நின்று படமெடுத்த இடம் அது. அவருக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தகடுகளும் முக்காலியும் கனத்த பெட்டிக் கேமராவும் சுமந்து நடப்பது அவரால் முடியாத காரியம். சினிமாப் படச்சுருளைக் கிடைமட்டமாக ஓடவிட்டு, 18-க்கு 24 மில்லிமீட்டர் சினிமாக் கட்டத்தை இரண்டு மடங்காக்கினார். 24-க்கு 36 என்ற அளவு அப்படி வந்தது. இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் ‘ஃபுல் ஃபிரேம்’ என்கிறோமே, அது இந்த மனிதர் போட்ட கணக்குதான்.

நான் கொண்டுபோனது பர்னாக்கின் அந்தக் கேமராவின் வழிவந்த, 1950-களின் லைகா மூன்று-எஃப். இதில் படச்சுருள் போடுவதற்கே பொறுமை வேண்டும். பின்கதவு கிடையாது, அடித்தட்டைக் கழற்றி, கீழிருந்து செருக வேண்டும். அதற்கு முன், சுருளின் முனையைச் சுமார் பத்து சென்டிமீட்டருக்கு ஒருபக்கமாகக் கத்தரித்து நாக்குபோல் நீட்டிக்கொள்ள வேண்டும். எல்மார் லென்ஸை வெளியே இழுத்துத் திருகிப் பூட்டினேன். ஒரு சிறு ஜன்னலில் இரண்டு பிம்பங்களும் ஒன்றாகும்வரை ஃபோகஸ், பக்கத்து ஜன்னலுக்குக் கண்ணை மாற்றிக் காட்சியின் எல்லை, பிறகு ஷட்டர். துணித்திரை ஓடும் சத்தம் அருகில் நின்றவருக்குக்கூடக் கேட்டிருக்காது. பர்னாக் படத்தில் இருக்கும் அந்த உயரமான மரச்சட்ட வீடு இன்னும் அங்கேயே நிற்கிறது. அதை வ்யூஃபைண்டருக்குள் பார்த்தபோது கை கொஞ்சம் நடுங்கியது உண்மை.

முதல் உலகப் போர் பர்னாக்கின் கேமராவைக் கிடப்பில் போட்டது. 1924-ல், பணவீக்கம் ஜெர்மனியைச் சூறையாடி ஓய்ந்த நேரத்தில், அதைத் தயாரித்து விற்க வேண்டாம் என்று நிறுவனத்துக்குள்ளேயே பலர் சொன்னார்கள். முதலாளி இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் துணிந்து முடிவெடுத்தார். 1925 லைப்சிக் வசந்தச் சந்தையில் அது லைகா என்ற பெயரில் உலகுக்கு அறிமுகமானது.

பர்னாக்கே பயன்படுத்திய 105-ஆம் எண் கேமரா 2022-ல் இதே ஊரில் 144 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. எங்களைப் போன்றவர்கள் கூடினால் முதலில் பேசுவது இந்தத் தொகையைத்தான். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இந்த ஊருக்கு வந்துபோகிறவர்கள் பேச வேண்டிய பெயர் ஒன்று இருக்கிறது: எல்சி குன்-லைட்ஸ், இரண்டாம் எர்ன்ஸ்டின் மகள். 1930-களில் நாஜிகளின் பிடி இறுகியபோது தந்தை தன் யூதத் தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் வேலை கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மகள் 1943-ல் ஒரு யூதப் பெண் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிக்க உதவி, கெஸ்டபோவிடம் சிக்கிச் சிறை சென்றார். அதே தொழிற்சாலையில் உக்ரைனியப் பெண்கள் கட்டாய வேலை வாங்கப்பட்டதும் வரலாறு. அவர்களின் நிலையைச் சற்றேனும் சீராக்க எல்சி முயன்றதும் அவர்மேல் குற்றமாகவே சுமத்தப்பட்டது. பெருமையையும் களங்கத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கேமராவைக் கையில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

லைட்ஸின் பழைய தலைமைக் கட்டடம் இப்போது நகராட்சி அலுவலகம். லைகா தொழிற்சாலை சில காலம் பக்கத்து ஊரான சோல்ம்ஸுக்குப் போய்விட்டு, 2014-ல் ஊர் எல்லையில் உள்ள லைட்ஸ் பார்க்குக்குத் திரும்பிவிட்டது.

அடுத்த வாரம் டிரெஸ்டன்: 1936-ல் கினே எக்ஸாக்டா கேமரா பிறந்த ஊர்.