நத்தை கட்டும் வீடு

மழை ஓய்ந்த மாலைப் பொழுதில் பங்சார் வட்டாரத்தின் கால்வாய் ஓரங்களிலும் வாழை மரத்தடியிலும் பழுப்பு வரிகள் கொண்ட பெரிய நத்தைகள் ஊர்ந்து செல்வதை நாம் காண்கிறோம். இவற்றின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா. மனிதரால் இங்குக் கொண்டுவரப்பட்டவை. (இவற்றின் உடலில் நோய் தரும் நுண்புழுக்கள் இருக்கக்கூடும். கண்ணால் காண்போம், கையால் தொட வேண்டா.)

முட்டையிலிருந்து வெளிவரும்போதே நத்தைக்குச் சிறிய ஓடு உண்டு. அதுவே பின்னர் ஓட்டின் கூர்நுனியாகிறது. உடல் வளர வளர, நத்தை சுண்ணாம்புப் பொருளைச் சுரந்து ஓட்டின் வாய் விளிம்பில் சேர்த்துக்கொண்டே போகிறது. ஆகவே, நுனி அதன் மழலைப் பருவம். வாய் விளிம்பு அண்மையில் கட்டிய பகுதி. சட்டை சிறுத்தால் நாம் வேறு தைத்துக் கொள்கிறோம். நத்தையோ பழைய வீட்டை இடிக்காமலே பெரிதாக்கிக் கொள்கிறது! ஆப்பிரிக்க நத்தையின் ஓட்டினை நுனி மேலாக, வாய் நம்மை நோக்கியிருக்கப் பார்த்தால், வாய் வலப்புறம் அமைந்திருக்கும். சுருள்கள் யாவும் சுழற்படிக்கட்டைப் போல ஒரே அச்சைச் சுற்றி இறங்கும்.

பெரும்பாலான நத்தைகளுக்கு இதுவே விதி. இவ்விதிக்கு அடங்காத ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. ஈப்போவில் உள்ள குனோங் ராப்பாட் என்னும் சுண்ணாம்புக் குன்றில் கிடைத்த அதனை அறிவியலார் 2008ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். ஒபிஸ்தோஸ்தோமா வெர்மிகுலம் என்பது அதன் பெயர். ஓடு கடுகளவே, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆயினும் அது நான்கு அச்சுகளைச் சுற்றிச் சுருள்கிறது! மும்முறை முந்தைய சுருளை விட்டு விலகி, இருமுறை மீண்டும் வந்து ஒட்டிக் கொள்கிறது. நசுங்கிய ஓடு என்று எண்ணிவிடாதீர்கள். கிடைத்த ஓடுகள் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில்தான் திருகியிருந்தன.

ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டுமன்றோ? அதனால் சுண்ணாம்புக் குன்றுகளில் நத்தையினங்கள் மிகுதி. நாம் தைப்பூசத்திற்குச் செல்லும் பத்துமலையும் அத்தகைய குன்றே. நத்தைக்கு இக்குன்றுகள் கடல் நடுவிலுள்ள தீவுகள் போன்றவை; கடுகளவு உயிர் ஒன்று அடுத்த குன்றை எட்டுவது அரிது. ஆகையால், ஒரே குன்றில் மட்டும் வாழும் இனங்களும் உண்டு.

பகாங் மாநிலத்தில் குவாந்தான் அருகே புக்கிட் பாஞ்சிங் என்றொரு குன்று இருந்தது. பிளெக்டோஸ்டோமா சயாபிலம் என்னும் சிறு நத்தை அங்கு மட்டுமே காணப்பட்டது. சுண்ணாம்புக் கல்லுக்காக அக்குன்றை உடைத்து உடைத்துத் தரைமட்டமாக்கினர். இயற்கைப் பாதுகாப்புக்கான அனைத்துலக ஒன்றியம் 2014ஆம் ஆண்டில் அந்நத்தையை அற்றுப்போன உயிரினம் என அறிவித்தது.