உண்ண மறுக்கும் பல்லி

பல்லிகள் ஊர்வன என்னும் வகுப்பைச் சேர்ந்த பிராணிகள். பறவைகளையும் பாலூட்டிகளையும் போலத் தம் உடலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. வெயிலிலிருந்தும் சூடேறிய கல், மண் முதலியவற்றிலிருந்துமே அவை வெப்பத்தைப் பெறுகின்றன. வளர்ப்புப் பல்லி ஒன்று ஆகாரத்தை மறுக்கும்போது முதலில் நினைவிற்கொள்ள வேண்டுவது இவ்வுண்மையே. உடல் குளிர்ந்தால் ஜீரண நீர்களின் வேலை மந்தமாகும். விழுங்கிய பூச்சி வயிற்றில் செரியாது கிடந்து அழுகவும் கூடும். ஆகவே, குளிரில் இருக்கும் பல்லி உண்ணாதிருத்தல் பெரும்பாலும் நோயன்று. தன்னைக் காத்துக்கொள்ளும் வழியேயாகும்.

காட்டுப் பல்லியும் வளர்ப்புப் பல்லியும்

கொள்ளேகாலிலிருந்து மலை மாதேசுவரன் மலைக்குச் செல்லும் பாதையில் கௌதள்ளி என்னும் ஊர் உள்ளது. 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வட்டாரம், பின்னர் மைசூருடன் இணைக்கப்பட்டது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கின்றது. சென்னை மாகாணத்தின் வன அதிகாரியாகப் பணியாற்றிய பெட்டோம் என்பவர் 1870இல் தரைப்பல்லி இனம் ஒன்றை விவரித்தார். அதன் விஞ்ஞானப் பெயரில் கொள்ளேகால் என்னும் ஊர்ப்பெயரே பொதிந்துள்ளது. இப்பல்லிக்குச் சுவரேற உதவும் அகன்ற விரல் பட்டைகள் இல்லை. பகலில் கல்லின் அடியிலும் சருகினிடையிலும் மறைந்திருந்து, இரவில் பூச்சிகளைத் தேடித் தின்னும். இதனை விஷமுடையது என அஞ்சுதல் தவறு. இவ்வினப் பல்லிகளுக்கு விஷமே இல்லை.

மாணவர்கள் இத்தகைய பல்லியைச் சீசாவில் அடைத்துக் கொணர்ந்தால், அச்சத்தினால் அது உணவைத் தொடாது. இதற்கு மருந்து தேடுதல் வீண். அன்று மாலையே, எடுத்த கல்லின் அருகில் அதனை விட்டுவிடுதலே தக்க பரிகாரம். காட்டுப் பிராணிகளைப் பிடித்து வைத்தல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகவும் கூடும்.

பல நாடுகளில் தலைமுறை தலைமுறையாக அடைப்பிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டு வரும் சிறுத்தைப்பல்லியின் நிலை வேறு. அது தன் தடித்த வாலில் கொழுப்பைச் சேமித்து வைப்பது. வால் பருத்திருக்கும் வளர்ந்த பல்லி, சில வாரங்கள் குறைவாக உண்டாலும் கேடுறாது. இடமாற்றம், தோலுரித்தல், இனப்பெருக்கப் பருவம் ஆகியவையும் பசியைக் குறைக்கும்.

செய்ய வேண்டுவன

முதலாவது, வெப்பத்தை அளத்தல். பெட்டியின் ஒரு பக்கத்துத் தரை 31 முதல் 33 டிகிரி சென்டிகிரேடும், மறுபக்கம் 24 முதல் 27 டிகிரியும் இருத்தல் நன்று. கையால் தொட்டுப் பார்த்தல் போதாது. வெப்பமானியைத் தரையிலேயே வைத்துப் பார்த்தல் வேண்டும். மார்கழி, தை மாதங்களின் இரவுக் குளிரில் இக்கவனம் இன்றியமையாதது. கண்ணாடிப் பெட்டியை வெயிலில் வைத்தலோ பேராபத்து; சிறிது நேரத்திற்குள் பல்லி இறந்துவிடக்கூடும்.

இரண்டாவது, மறைவிடமும் நீரும். உடைந்த சட்டியின் ஓடு ஒன்றைப் பெட்டியின் இரு பக்கங்களிலும் கவிழ்த்து வைக்கலாம். ஒன்றனுள் ஈரத்துணி இருப்பின் தோல் எளிதில் உரியும். ஆழமற்ற கிண்ணத்தில் தினமும் புதுநீர் வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, காத்திருத்தல். மேற்கூறியவற்றைச் சீர்செய்தபின் மூன்று நான்கு நாட்கள் பல்லியைக் கையில் எடுக்கலாகாது. பின்பு அந்திப் பொழுதில் உயிருள்ள பூச்சி ஒன்றிரண்டை விட்டுப் பார்க்கலாம். பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தினும் பூச்சி பெரிதாக இருத்தல் கூடாது. பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்து பிடித்த வெட்டுக்கிளி நஞ்சாகும். உண்ணாது விட்ட பூச்சிகளைக் காலையில் அகற்றுதல் வேண்டும்; அவை பல்லியையே கடிக்கக்கூடும்.

வாயைத் திறந்து உணவைத் திணித்தல் அன்பினால் செய்யும் தீங்கு. தாடை முறிதலும், உணவு மூச்சுக்குழலில் புகுதலும் இதனால் நேரும்.

நோயின் அறிகுறிகள்

வாரம் ஒருமுறை பல்லியை நிறுத்து எடையைக் குறித்து வைத்தல் நலம். 60 கிராம் எடையுள்ள பல்லி 6 கிராம் குறைந்துவிடின், கால்நடை மருத்துவரிடம் காட்டத் தாமதித்தலாகாது. வால் மெலிந்து கழிச்சலும் காணின், குடலைத் தாக்கும் ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். இது பிற பல்லிகளுக்கும் தொற்றும். ஆகையால் நோயுற்றதைத் தனியே வைத்தல் வேண்டும். தாடை மென்மையுற்று, கால்கள் வளைதல் சுண்ணாம்புச் சத்துக் குறைவின் அடையாளம். வலியினால் அப்பல்லிக்கு இரையைக் கவ்வ இயலாது. பூச்சிகளின்மேல் கால்சியப் பொடியைத் தூவிக் கொடுத்து வருதல் இக்குறையைத் தடுக்கும். மணலை விழுங்கியதால் உண்டாகும் மலச்சிக்கலும் பசியைக் கெடுக்கும்.

பல்லியைத் தொட்டபின் மாணவர்கள் சோப்பினால் கை கழுவுதல் வேண்டும். ஊர்வனவற்றின் குடலில் உள்ள சால்மொனெல்லா என்னும் கிருமி மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

வெப்பநிலை, எடை, உண்ட பூச்சிகளின் தொகை ஆகிய மூன்றையும் நாள்தோறும் ஒரே அட்டவணையில் எழுதி வந்தால், வெப்பத்திற்கும் பசிக்கும் உள்ள தொடர்பை மாணவர்களே காண்பர். பல்லி நோயுறும்போது மருத்துவருக்கு முதலில் வேண்டுவதும் அவ்வட்டவணையே.