சந்தையை அளந்தறிதல்

பொருளைச் செய்வது ஒரு திறன். அதனை வாங்குவோர் உளரா என அறிவது மற்றொரு திறன். அமெரிக்காவின் போர்ட் மோட்டார் கம்பனி, நடுத்தர விலைக் கார்களுக்குத் தேவை மிகுந்திருந்த காலத்தில் 'எட்செல்' என்னும் காரைத் திட்டமிட்டது. மக்களின் விருப்பங்களையும் முன்னரே ஆராய்ந்தது. ஆயினும் 1957 செப்டெம்பரில் அக்கார் விற்பனைக்கு வந்தபோது நாட்டிற் பொருளாதார மந்தம் தொடங்கியிருந்தது. வாங்குவோர் பலரின் நாட்டம் சிறிய, மலிவான கார்கள்பாற் சென்றது. தோற்றமும் வேலைப்பாடும் குறைகூறப்பட்டன. 1959 நவம்பரில் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

ஆகவே, முதலிடுவோர் மூன்றினை ஆராய்தல் வேண்டும்: வாங்குவோர் யாவர்? அவர்களால் இயன்ற விலை யாது? பொருள் கடைக்கு வரும் நாளிலும் அத்தேவை நிலைத்திருக்குமா? மூன்றாவதற்கு விடை காண்பதே அரிது. ஆதலின், சிறுமுதலுடையோர் முதலிற் சிறிதளவே செய்து விற்றுப் பார்த்தல் நன்று. கணிப்புப் பிழைப்பினும் கைமுதல் அழியாது.