விழப்போகிற பல்லுக்கு சிமெண்ட் பூச்சு

பாலக்கரையிலிருந்து ஒரு பாட்டி கேட்டிருக்கிறார். ஐந்து வயதுப் பேத்திக்குக் கடைவாய்ப் பால் பல்லில் ஆழமான சொத்தை. பிடுங்க வேண்டாம், உள்ளே மருந்து வைத்து கேப் போட்டுவிடலாம் என்கிறாராம் பல் டாக்டர். “எப்படியும் விழுகிற பல்லுக்கு இவ்வளவு செலவா? அப்படி என்ன மருந்து அது?”

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. கடைவாய்ப் பால் பல் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியது. அது பஸ் சீட்டில் போட்ட துண்டு. சீக்கிரமே எடுத்துவிட்டால் பக்கத்துப் பல் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். உரிய பல் வரும்போது இடம் இருக்காது.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. அந்த மருந்து சிமெண்ட். உவமைக்குச் சொல்லவில்லை. எம்டிஏ எனப்படும் பொடியில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்லண்ட் சிமெண்ட். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகக் கொஞ்சம் பிஸ்மத் ஆக்சைடு. 1939 முதல் டால்மியாபுரத்துச் சூளையில் வேகிறதே, அதே இனம். அந்தச் சூளைக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லோ சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த கடலின் மிச்சம்.

வரலாறும் வேண்டுமென்றால் இதோ: பால் பல்லுக்குள் வைக்கும் மருந்தாக நூறாண்டாக இந்த வேலையைச் செய்தது ஃபார்மோகிரெசால். உயிரியல் லேப் ஜாடியில் தவளையை ஊறப்போடும் ஃபார்மால்டிஹைடின் உறவு. பல்லுக்குள் உயிரோடிருக்கும் பற்கூழைக் காப்பாற்றாது, பாடம் செய்துவிடும். எம்டிஏவை 1993-இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினஜாத் குழு அறிமுகம் செய்தது. போதும்.

இனி வாய்க்குள் போவோம். சொத்தையைச் சுரண்டி, கெட்டுப்போன மேல்பகுதிக் கூழை வெட்டியெடுத்து, வேருக்குள் உயிரோடிருக்கும் மிச்சத்தின் மேல் சிமெண்டைக் குழைத்து வைக்கிறார்கள். கொத்தனார் பூசிய சுவருக்குத் தினமும் தண்ணீர் காட்ட வேண்டும். இங்கே அந்த வேலையைக் கூழின் ஈரமே பார்த்துக்கொள்கிறது. இறுகும்போது சுண்ணாம்பு கசிகிறது. பாட்டி வெற்றிலைக்குத் தடவும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. (அதற்காகப் பேத்தியின் பல்லில் தடவிவிடாதீர்கள். வெறும் கால்சியம் ஹைட்ராக்சைடைப் பால் பல்லில் வைத்துப் பார்த்த டாக்டர்கள், வேர் உள்ளிருந்தே கரைவதைக் கண்டு கைவிட்டார்கள்.)

அந்தக் காரம் கிருமிகளை முடக்குகிறது. கூடவே பல்லின் சுவரையும் லேசாக அரிக்கிறது. அந்தச் சுவரைக் கட்டிய செல்கள், கட்டும்போதே வளர்ச்சிப் புரதங்களை உள்ளே வைத்துப் பூசியிருந்தன. ‘இடிந்தால் ஆள் கூப்பிடு’ என்று செங்கல்லுக்கு நடுவே சீட்டு வைத்த மாதிரி. சுண்ணாம்பு பட்டதும் சீட்டு வெளியே வருகிறது. கூழில் சும்மா இருந்த குருத்தணுக்கள், அதாவது நேற்றுவரை சித்தாளாக இருந்தவை, கொத்தனாராக மாறி சிமெண்டுக்கு அடியில் புதிய தந்தினிச் சுவர் எழுப்புகின்றன. பொடி சுவராவதில்லை, சுவர் எழுப்ப ஆளைக் கூட்டி வருகிறது. எந்த மேஸ்திரிக்கும் இப்படி ஆள் கிடைப்பதில்லை. நிரந்தரப் பல் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸோடு கீழே காத்திருக்க, வாடகை வீட்டுக்கு இவ்வளவு மராமத்து!

ஆனால் ‘பல் தானே வளரும்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். மருந்தின் பெயரில் ஒட்டிய ‘பயோ’ என்ற முன்னொட்டுக்கும் சேர்த்துத்தான் காசு. ஒரு கிராம் விலையில் சிமெண்ட் மூட்டையே வாங்கலாம். (மூட்டைச் சிமெண்டில் ஈயம், ஆர்சனிக் போன்றவை இருக்கலாம். அந்த யோசனையும் வேண்டாம்.) பழைய ஃபார்மோகிரெசாலும் ஆய்வுகளில் மோசமாகத் தோற்றதில்லை, ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியதுதான் அதன் மவுசைக் குறைத்தது. எம்டிஏ பல்லைச் சாம்பல் நிறமாக்கும். மேலே போடும் ஸ்டீல் கேப் ஒழுகினால் எந்தச் சிமெண்டும் நிற்காது.

பேத்தி ராத்திரியில் வலி தாங்காமல் எழுந்து அழுகிறாளா, ஈறில் சீழ்க்கட்டி இருக்கிறதா என்று பாருங்கள் பாட்டி. இருந்தால் வேர்க்கூழும் போயிருக்கலாம். சீட்டு வந்தாலும் வேலைக்கு ஆளிருக்காது. அப்போது வேர்வரை சுத்தம் செய்வதா, பிடுங்குவதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால் சிமெண்ட் வைக்கலாம். அந்தப் பல்லும் ஒருநாள் விழும். சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவீர்களே, அப்போது கொஞ்சம் கனமாக இருக்கும், கேப்போடு சேர்த்து.